பாட்டி இறந்ததற்கும் காய்ச்சல் என்றுதான் எழுதுவதா?

போன வாரம் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி மூன்று நாள் கழித்து வகுப்புக்கு வந்தாள். கையில் லீவ் லெட்டர். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஆரம்பித்து, "கைண்ட்லி கிராண்ட் மி லீவ்" வந்து, "தேங்கிங் யூ" வரைக்கும் ஒரு பிழை கிடையாது. ஆனால் ஆளைப் பார்த்தால் காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி இல்லை, கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தது. "என்னம்மா ஆச்சு?" என்றேன். "பாட்டி இறந்துட்டாங்க மிஸ்." "அப்புறம் ஏன் காய்ச்சல்னு எழுதியிருக்கே?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அதை இங்கிலீஷ்ல எப்படி எழுதுறதுன்னு தெரியல மிஸ். இந்த லெட்டர்தான் தெரியும்."

பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நூற்றுக்கு 88 வாங்கிய பெண். 'மை' தெரியும், 'கிராண்ட்மதர்' தெரியும், 'டைட்' தெரியும். இந்த மூன்றையும் வரிசையாக வைத்தால் அதுவே ஒரு முழு வாக்கியம் என்பதை மட்டும் பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இது ஒரு பெண்ணின் கதை என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். திருநெல்வேலிப் பக்கம் பதினாறு வருடமாகக் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறேன். அக்கா கல்யாணத்துக்கும் காய்ச்சல், கோயில் கொடைக்கும் காய்ச்சல், அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் அதற்கும் காய்ச்சல். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரே ஒரு லெட்டர், அதுவும் ஐந்தாம் வகுப்பில் யாரோ கரும்பலகையில் எழுதிப் போட்டது.

பெற்றோர் வந்து உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "மேடம், இவனுக்கு வொகாபுலரிதான் வீக்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வொகாபுலரி வீக் இல்லை ஐயா! உங்கள் பையனுக்குத் தெரிந்த வார்த்தைகளே போதும், அதை வைத்து லீவ் லெட்டர், பேங்குக்குக் கடிதம், வேலைக்கு மெயில், ஹாஸ்டல் வார்டனுக்குப் புகார் எல்லாம் எழுதலாம். அவனுக்கு வராதது வாக்கியம். செங்கல் இல்லாமல் வீடு நிற்காமல் இருப்பது வேறு, செங்கல் லாரி லாரியாக வந்து இறங்கியும் ஒன்றின் மேல் ஒன்று வைக்கத் தெரியாமல் இருப்பது வேறு. அவனிடம் போய் தினம் பத்துப் புது வார்த்தை மனப்பாடம் பண்ணு என்றால் இன்னொரு லாரி செங்கல் இறங்கும், அவ்வளவுதான்.

அந்தப் பத்து வார்த்தை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். இறுதியாண்டுப் பையன் ஒருவன், பாடத்தில் கெட்டிக்காரன், ஒரு கம்பெனிக்கு அனுப்பிய மெயிலைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு வாரமாகப் பதில் இல்லை. மெயில் இதுதான்: "வித் ரெஃபரென்ஸ் டு த அபவ் சைட்டட் சப்ஜெக்ட், பீயிங் அ ஹைலி எந்தூசியாஸ்டிக் கேண்டிடேட் ஹேவிங் செமஸ்டர் எக்ஸாமினேஷன் ஆன் த செட் டேட், அண்ட் ஆல்சோ எக்ஸ்ட்ரீம்லி டிசைரஸ் ஆஃப் யுவர் எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்." நான் இரண்டு தடவை படித்தேன். யாருக்குப் பரீட்சை? 'ஐ' என்ற ஓரெழுத்து மெயில் முழுக்க எங்கேயும் இல்லை. எந்தத் தேதி? தெரியாது. என்ன 'நீட்ஃபுல்'? அதுவும் தெரியாது. படிக்கிற மனிதர் என்னதான் செய்வார், பாவம்.

"தம்பி, இதைத் தமிழ்ல சொல்லு" என்றேன். மூச்சு விடாமல் சொன்னான்: "வியாழக்கிழமை எனக்கு செமஸ்டர் பரீட்சை இருக்கு மிஸ், இன்டர்வியூவுக்கு வெள்ளிக்கிழமை வரலாமான்னு கேட்கணும்." சரி, அதையே எழுது. "ஐ ஹேவ் அ செமஸ்டர் எக்ஸாம் ஆன் தர்ஸ்டே. கேன் ஐ கம் ஃபார் த இன்டர்வியூ ஆன் ஃப்ரைடே?" முடிந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சிம்பிளா எழுதினா மதிப்பா இருக்குமா மிஸ்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில்தான் மொத்த வியாதியும் இருக்கிறது.

ஆங்கிலம் பேசும் நாடுகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு, மத்திய அரசு அலுவலகங்கள் பொதுமக்களுக்கு எழுதுவது படித்தவுடன் புரியும்படி எளிமையாக இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். பிரிட்டன் அரசின் இணையதளத்துக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி உண்டு, வாக்கியம் 25 வார்த்தையைத் தாண்டினால் உடை என்கிறது அது. வெளிநாடு போக ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளும் இதே மயக்கத்தில்தான் வருகிறார்கள். அதன் எழுத்துத் தேர்வில் 60 நிமிடத்தில் இரண்டு கேள்வி, ஒன்றுக்குக் குறைந்தது 150 வார்த்தை, இன்னொன்றுக்கு 250. மதிப்பெண் நான்கு விஷயத்துக்குச் சமமாகப் பிரிகிறது: கேட்டதற்குப் பதில் சொன்னாயா, கோவையாகச் சொன்னாயா, சொல்வளம், இலக்கணம். நான்கில் ஒரு பங்குதான் சொல்வளம், அதிலும் பொருத்தமில்லாத இடத்தில் போட்ட பெரிய வார்த்தை மதிப்பெண்ணைக் குறைக்கும்.

சரி, வாக்கியம் ஏன் வரவில்லை? பிள்ளைகள் மக்கு என்பதால் இல்லை. தமிழ் வாக்கியம் நிற்கும் விதம் வேறு, ஆங்கிலம் நிற்கும் விதம் வேறு. இதை யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதில்லை. 'வந்தேன்' என்று தமிழில் ஒரே சொல் எழுதினால் வந்தது நான்தான் என்று புரிந்துவிடும், 'ஏன்' விகுதி அதைச் சொல்லிவிடுகிறது. தோன்றா எழுவாய் என்று தமிழ் வகுப்பில் படித்தீர்களே, அதுதான் இது. ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் எழுதினால் வந்தது நானா, நீயா, பக்கத்து வீட்டுக்காரரா, யாருக்குத் தெரியும்? 'ஐ கேம்', 'ஹி கேம்', 'தே கேம்' என்று எல்லாருக்கும் ஒரே 'கேம்'தான். அதனால் ஆங்கிலத்தில் எழுவாயை எழுதியே ஆக வேண்டும்.

அடுத்தது, 'என் அப்பா விவசாயி.' வினையே இல்லாத அழகான தமிழ் வாக்கியம். அதே பழக்கத்தில் 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்துக்கு வினை இல்லாமல் ஓடாது. 'மை ஃபாதர் இஸ் அ ஃபார்மர்.' அந்த 'இஸ்' தமிழில் கிடையாது என்பதால்தான் கை அதைத் தாண்டிப் போகிறது.

இதையெல்லாம்விட மோசமாக மாட்டிவிடுவது வினையெச்சம். 'காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து, பாளையங்கோட்டையில் இறங்கி, நடந்து கல்லூரிக்கு வந்தேன்.' ஏழு வேலை, ஒரே வினைமுற்று, அதுவும் கடைசியில். தமிழில் இது மூச்சு விடுவது மாதிரி இயல்பு. இதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் 'வேக்கிங், டேக்கிங் பாத், ஈட்டிங், கேட்சிங் பஸ்' என்று போய்க்கொண்டே இருக்கும், முற்று எங்கேயும் வராது. விடைத்தாள் திருத்தும்போது நான் முதலில் பென்சிலை எடுத்துக்கொண்டு வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுவேன். சில தாள்களில் பாதிப் பக்கம் தாண்டியும் பென்சில் கீழே இறங்குவதில்லை. (திருத்துகிற ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: ஓரத்தில் 'ஃப்ராக்' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போகாதீர்கள், அது 'ஃப்ராக்மென்ட்', அதாவது முழுமையாகாத வாக்கியம், என்பதன் சுருக்கம் என்றே அவர்களுக்குத் தெரியாது. 'இதில் வினை எங்கே?' என்று எழுதுங்கள்.)

டென்ஸ் பற்றிக் கேட்பீர்கள். பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி ஒப்பித்த பிள்ளைதான் 'டிட் நாட் வென்ட்' என்று எழுதுகிறது. 'டிட்' வந்தவுடனேயே இறந்தகாலம் அதில் வந்துவிட்டது, அப்புறம் 'கோ' போதும். தினசரிக் கடிதத்துக்கு 'ஐ வொர்க்', 'ஐ வொர்க்ட்', 'ஐ ஹேவ் வொர்க்ட்', 'ஐ வில் வொர்க்' என்ற நான்கு வந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட எல்லா ரெஸ்யூமேயிலும் பார்க்கிறேன்: 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023.' வருடம் சொல்லிவிட்டீர்கள் என்றால் 'ஹேவ்' வேண்டாம். 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023.'

இனி என்ன செய்யலாம்? முதலில் தினம் பத்து வார்த்தையை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ஒரு நோட்டில் தினம் ஐந்தே ஐந்து வாக்கியம், அன்றைக்கு உங்களுக்கு நிஜமாக நடந்தது. பஸ் லேட், குழம்பில் உப்பு அதிகம், தம்பி சைக்கிளிலிருந்து விழுந்தான், எதுவானாலும் சரி. நீளமாக யோசனை வந்தால் முதலில் தமிழிலேயே அதை உடையுங்கள்: எழுந்தேன். குளித்தேன். சாப்பிட்டேன். பஸ் பிடித்தேன். உடைத்த பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் என்பதற்கு ஒரு கோடு, என்ன செய்தார் என்பதற்கு ஒரு கோடு. இரண்டில் ஒன்று இல்லையா, அது இன்னும் வாக்கியம் ஆகவில்லை. குட்டிக் குட்டியாக இருக்கிறதே என்று கூச்சப்படாதீர்கள், 'அண்ட்', 'பட்', 'பிகாஸ்' போட்டு இரண்டு இரண்டாகச் சேர்ப்பது ஒரு மாதத்தில் தானாக வரும். ஆனால் 'பிகாஸ்' போட்ட வாக்கியத்தில் 'ஸோ'வும் போடாதீர்கள், ஒன்று போதும்.

சாட்ஜிபிடியில் எழுதி வாங்கி அனுப்புகிறவர்களே, அதைத் தடுக்க என்னால் முடியாது. முதலில் நீங்கள் ஐந்து வரி எழுதுங்கள், பிறகு அதைத் திருத்தச் சொல்லுங்கள். அது எழுதித் தந்ததில் நீங்கள் கேட்க நினைத்தது இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவாவது வாக்கியம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை மூன்று வார்த்தையில் ஒரு வாக்கியம் எழுதினால் 'இது என்ன ரெண்டாங்கிளாஸ் இங்கிலீஷ்' என்று சொல்லாதீர்கள். அந்தப் பெண் அன்றைக்கு என் மேஜைப் பக்கத்தில் நின்றே இன்னொரு லெட்டர் எழுதினாள். 'மை கிராண்ட்மதர் டைட் ஆன் மண்டே. ஐ வென்ட் டு மை வில்லேஜ். ஐ கேம் பேக் டுடே.' பழைய லெட்டரைக் கிழித்துவிட்டு நான் வாங்கி வைத்துக்கொண்டது இதைத்தான். அடுத்த தடவை உங்கள் வீட்டிலிருந்து வரும் லீவ் லெட்டரையும் பிள்ளையே எழுதட்டும், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள். வயிற்றுவலி என்றால் வயிற்றுவலி என்றே எழுதட்டும்.