வளிமண்டலம்: காற்று உலவும் இடத்தின் பெயர்

அட்மாஸ்பியர் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தரும் சொல் வளிமண்டலம். ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்ச் செய்தி பார்க்கிறவர்களுக்கு இது பழகிய சொல்தான். 'வளிமண்டல கீழடுக்கு சுழற்சி' என்று வானிலை அறிக்கையில் நாளுக்கு நான்கு முறை காதில் விழும். பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ இது பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. அறிவியல் ஆங்கிலத்தில், இரண்டாம் மொழி கன்னடம். வீட்டில் கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

"தாத்தா, அட்மாஸ்பியருக்குத் தமிழ்ல என்ன?"

"வாயுமண்டலம்னு சொல்லுவோம்டா கண்ணா."

"அது கன்னடம் தாத்தா!"

இரண்டு பேர் சொன்னதும் சரி. வாயு, மண்டலம் இரண்டுமே வடசொற்கள். கன்னடத்தில் அது 'வாயுமண்டல', இந்தியில் 'வாயுமண்டல்'. தமிழிலும் ஒரு தலைமுறை அப்படியே எழுதியது. பிறகு முன்பாதியை மட்டும் மாற்றி, வாயு இருந்த இடத்தில் வளியை வைத்தார்கள். தூய்மைக்காகச் செய்தது என்றாலும் அதில் ஒரு நடைமுறை வசதியும் இருந்தது. தமிழ்ப் பேச்சில் வாயு என்றால் முதலில் நினைவுக்கு வருவது வயிறு. உருளைக்கிழங்கு வாயு, முதுகில் வாயுப் பிடிப்பு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு வாயுமண்டலம் சற்று உறுத்தும்.

வேடிக்கை என்னவென்றால், மலையாளத்தில் நிலைமை நேர் எதிர். பெங்களூர் அலுவலகங்களில் பக்கத்து இருக்கை மலையாளியாக இருக்க நிறையவே வாய்ப்புண்டு. அவரிடம் வளிமண்டலம் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பை அடக்கப் பெரும்பாடு படுவார். மலையாளத்தில் வளி என்றால் வயிற்றிலிருந்து பிரியும் காற்று மட்டும்தான். அவர்கள் அட்மாஸ்பியரை அந்தரீக்ஷம் என்பார்கள். அதே சொல் இந்த ஊரின் நியூ பெல் சாலையில் இஸ்ரோ தலைமையகத்தின் பெயராக, 'அந்தரிக்ஷ் பவன்' என்று நிற்கிறது. அங்கே அதற்குப் பொருள் விண்வெளி. மண்ணுக்கும் விண்ணுக்கும் இடைப்பட்டது என்பதுதான் மூலப்பொருள். அதைக் கேரளம் கீழே இழுத்துக்கொண்டது, டெல்லி மேலே தள்ளிவிட்டது.

தமிழில் வளி மிகப் பழைய சொல். நிலம், தீ, நீர், வளி, விசும்பு என்று ஐம்பூதங்களைத் தொல்காப்பியம் அடுக்குகிறது. உந்தியிலிருந்து எழுந்து எழுத்தொலியாக மாறும் மூச்சுக்கும் அங்கே வளி என்றே பெயர். சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று வாதத்தின் இடத்தில் நிற்பதும் இதுவே. இன்றைய பேச்சில் தனியாக நின்று வளி வழங்குவதில்லை. சூறாவளிக்குள் மட்டும் ஒளிந்திருக்கிறது. மீனவர்களுக்கான எச்சரிக்கையில் 'சூறாவளிக் காற்று' என்று வரும்போது காற்றை இரண்டு முறை சொல்கிறோம், யாருக்கும் அது தட்டுப்படுவதில்லை. ஈழத் தமிழில் வளி உயிரோடு இருக்கிறது. அங்கே காற்று மாசு வளி மாசடைதல், வானிலை அலுவலகம் வளிமண்டலவியல் திணைக்களம்.

இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இரண்டு பழைய தொடர்கள். குறள் 245 உலகத்தை 'வளிவழங்கும் மல்லல்மா ஞாலம்' என்கிறது. காற்று உலவுகிற, வளம் மிக்க பெரிய உலகம் என்பது பொருள். புறநானூற்றின் 35ஆம் பாட்டு மேலே பார்த்து 'வளியிடை வழங்கா வானம் சூடிய' நிலம் என்கிறது. அதாவது காற்று உலவாத வானத்தைத் தலையில் சூடிய நிலம். இரண்டிலும் வினை ஒன்றே, வழங்குதல். ஒன்று வழங்கும் இடம், மற்றது வழங்கா இடம். இரண்டையும் அருகருகே வைத்தால் வளிமண்டலத்துக்கு உள்ளும் புறமும் கிடைத்துவிடுகிறது. உடனே 'அன்றே நம்மவர்கள் விண்வெளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட வேண்டாம். அந்தப் புலவர் காற்றழுத்தத்தை அளந்து பாடவில்லை. ஆனாலும் குறளில் வளத்தையும் காற்றின் உலாவலையும் ஒரே தொடரில் கட்டிய பார்வை பிழையில்லாதது.

ஐரோப்பியச் சொல் வேறு வழியில் வந்தது. கிரேக்கத்தில் அட்மோஸ் என்றால் ஆவி, ஸ்பைரா என்றால் உருண்டை. இரண்டையும் ஒட்டி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனில் எழுதும் அறிஞர்கள் உருவாக்கிய புதுச்சொல் அது. கோளின் உடலிலிருந்து கசிந்து எழும் ஆவி அதைச் சூழ்ந்திருக்கிறது என்பது அன்றைய எண்ணம். ஆங்கிலத்தில் 1638இல் அது முதலில் பதிவானது நிலாவைப் பற்றிப் பேசும்போது. சொல்லும்படியான காற்று எதுவுமே இல்லாத நிலாவை! பூமியைப் பொறுத்தவரை அந்த எண்ணம் ஓரளவு பலித்தது. நம் வளிமண்டலத்தின் பெரும்பகுதி எரிமலைகள் வழியே உள்ளிருந்து வெளிவந்ததுதான்.

பூமியை உயிர் வாழத் தக்கதாக்கியது எது என்று கேட்டால் பலரும் ஆக்சிஜன் என்பார்கள், அடுத்து நீர் என்பார்கள். நீர் நீராகவே நிற்பதற்கு மேலிருந்து அழுத்தம் வேண்டும் என்பது சட்டென்று தோன்றாது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள காற்று உட்கார்ந்திருக்கிறது. பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்கு அதில் பத்தில் ஒரு பங்கு குறைவு. இதைக் கண்ணால் பார்க்கலாம். சென்னைக்கு ரயில் ஏறும்போது தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடித்து, மூடியை இறுக்கித் திருகி, சன்னலோரம் வைத்துவிடுங்கள். பங்காருப்பேட்டை வரை ஒன்றும் இருக்காது. ஜோலார்பேட்டைக்கு இறங்கும்போது பாட்டிலின் இடுப்பு ஒடுங்கத் தொடங்கும். காட்பாடி வருவதற்குள் யாரோ கையால் அமுக்கியது போல உள்ளே குழிந்திருக்கும். உள்ளே அடைபட்டது பெங்களூர்க் காற்று, வெளியே அமுக்குவது சமவெளிக் காற்று.

அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரி என்றால் பெங்களூரில் ஏறக்குறைய 97. குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக இங்கே கூடுதல் நேரம் பிடிப்பது இதனால்தான், பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊட்டியில் 93க்குச் சற்றுக் கீழே, எவரெஸ்ட் உச்சியில் 70ஐ ஒட்டி. இன்னும் மேலே போகிற மாதிரி செவ்வாய்க்குப் போனால் அங்கே சராசரி அழுத்தம் நம்முடையதில் 100இல் ஒரு பங்குகூட இல்லை. அந்த அழுத்தத்தில் தண்ணீரின் உறைநிலையும் கொதிநிலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பனிக்கட்டி உருகி ஓட இடமே இல்லை, நேரே ஆவியாகும். ஆறும் குளமும் கடலும் வேண்டுமென்றால் முதலில் வளி வேண்டும்.

எதிர்ப்பக்கம் வெள்ளி. அங்கே அழுத்தம் நம்முடையதைப் போல சுமார் 90 மடங்கு, பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு, வெப்பம் 460 டிகிரிக்கும் மேல். பூமியின் சராசரி 15 டிகிரியை ஒட்டி நிற்கிறது. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெப்பத்தைப் பிடித்துவைக்காவிட்டால் அது மைனஸ் 18 ஆகியிருக்கும்.

இந்த வளியை எது பிடித்து வைத்திருக்கிறது? பெரும்பாலும் ஈர்ப்பு. பூமியை விட்டு ஒரு மூலக்கூறு தப்ப வேண்டுமானால் நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும், நிலாவில் 2.4 போதும். செவ்வாய் இடைப்பட்டது. அதன் காற்று மெல்ல மெல்ல விண்ணுக்குக் கசிந்தது. அந்த மெலிந்த காற்றின் வெளியடுக்கை ஆராயும் கருவி ஒன்றை மங்கள்யான் 2014இல் செவ்வாய்க்குக் கொண்டுபோனது. அதை இயக்கிய கட்டுப்பாட்டு அறை, லேத் பட்டறைகளும் தமிழ்ப் பேச்சும் நிறைந்த நம் பீன்யாவில்தான் இருக்கிறது.

ஆக்சிஜனுக்கு வருவோம். உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21, மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். இந்த 21 தொடக்கத்தில் இருந்ததே இல்லை. லால்பாக்கில் கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். ஆகஸ்ட் மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறார்கள். அந்தப் பாறை உருவானபோது சுற்றியிருந்த வளியில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. நீலப்பச்சை நுண்ணுயிர்கள் கடலில் வெயிலைத் தின்று ஆக்சிஜனை வெளியிட்டு, அது காற்றில் தங்க ஆரம்பித்தது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே வளிமண்டலம் உயிரைத் தாங்கியது என்பது பாதிக் கதைதான். வளிமண்டலத்தை இப்போதுள்ளபடி ஆக்கியதில் உயிருக்கும் பங்குண்டு. ஓசோனும் அந்த ஆக்சிஜனிலிருந்து வந்ததே.

இனி சொல்லின் பின்பாதியான மண்டலம். பாடநூலில் பாறைக்கோளம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்று வரிசையாக வந்து, இது மட்டும் மண்டலம். வளிக்கோளம் என்று மாற்றினால் வரிசை ஒழுங்காகும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளம் என்றால் விளிம்புள்ள உருண்டை நினைவுக்கு வரும். காற்றுக்கு அப்படி விளிம்பு கிடையாது. அதன் நிறையில் பாதி முதல் ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, மிச்சம் மெலிந்துகொண்டே போகிறது. விண்வெளி தொடங்குவதாக 100 கிலோமீட்டரில் போட்ட கோடு நாமாக வைத்துக்கொண்ட வசதி. மண்டலம் என்பதற்கு வட்டம், சூழ்ந்த பகுதி, ஆட்சிப் பரப்பு என்று தமிழில் பழகிய பொருள்கள் உண்டு. தொண்டை மண்டலம் எங்கே முடிகிறது என்று வேலி போட்டா வைத்திருந்தார்கள்? வளி உலவும் பரப்பு என்ற பொருளுக்கு அதுவே பொருந்தும். சங்கப் பாட்டிலேயே மண்டிலம் என்று உள்ளே வந்துவிட்ட சொல், அந்நியமும் இல்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. செய்தி அறிக்கைகளில் ஒற்று விடுபட்டுப்போகிறது. 'வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி' என்பதே திருத்தமான வடிவம். மற்றொன்று, அட்மாஸ்பியர் என்று வரும் இடமெல்லாம் இதைப் போடக் கூடாது. கைப்பேசி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டி 'இந்த உணவகத்தின் வளிமண்டலம் அருமை' என்று எழுதினால் அங்கே ஆக்சிஜன் நன்றாகக் கிடைத்தது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். அந்தப் பொருளுக்குச் சூழல் போதும். கல்யாண வீடு, திருவிழா என்றால் களைகட்டியது என்று எழுதுங்கள்.