ஜோஸ்கின் பெயரில் முந்நூறு பாடல்கள்: எது அவருடையது?

இசையமைப்பாளர் ஜோஸ்கின் தெ பிரே 1521 ஆகஸ்ட் 27 அன்று, இன்றைய பிரான்சின் வட எல்லையிலுள்ள கோந்தேயில் இறந்தார். பலகுரல் தேவாலய இசையில் அவர் பெயருக்கு இருந்த மதிப்பு அப்போது வேறு எவருக்கும் இல்லை. இறந்த பிறகும் அந்தப் பெயர் விற்றது. உயிரோடிருந்தபோது எழுதியதைவிட இப்போதுதான் ஜோஸ்கின் அதிகம் எழுதுகிறார் என்று ஒரு பெரியவர் சொன்னதாக, 1540-இல் ஜெர்மானியத் தொகுப்பாளர் கேயார்க் ஃபோர்ஸ்டர் எழுதினார். இன்று அவர் பெயர் தாங்கி நிற்பவை முந்நூறுக்கும் மேல். அவருடைய பாடல்களைப் பட்டியல் போட உட்காருபவருக்கு முன்னால் இருக்கும் குவியல் இதுதான்.

தலைப்பை நம்பி இதைப் பிரிக்க முடியாது. 'ஆவே மரியா' என்று தொடங்கும் பாடல்கள் ஏராளம். ஒரே இசைக்கு ஓர் ஊரில் ஒரு சொல், இன்னோர் ஊரில் வேறு சொல் என்று மாற்றிப் பாடுவதும் வழக்கம். ஆகவே பாடலின் அடையாளம் அதன் தொடக்கச் சுரங்கள்தான். அவரது புகழ்பெற்ற 'ஆவே மரியா... விர்கோ செரேனா'வை எடுத்துக்கொள்வோம். மேல்குரல் ப, ஸ, ஸ, ரி, க என்று தொடங்குகிறது. முதல் 'ப' கீழ் ஸ்தாயி. மற்ற மூன்று குரல்களும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அதையே பாடி நுழைகின்றன. பட்டியலில் சுரப்பெயரோடு இடைவெளியையும் பதிய வேண்டும்: தொடங்கிய சுரத்தையும் சேர்த்து எண்ணினால் நான்காம் சுரத்துக்கு ஏற்றம், அதே சுரம், ஒருபடி ஏற்றம், மீண்டும் ஒருபடி ஏற்றம். வேறொரு பிரதி சுருதியை மாற்றி எழுதியிருந்தாலும் இந்த வரிசை மாறாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சொல்லின் அசைக்கு ஏற்ப இரண்டு 'ஸ'வை ஒரே நீண்ட சுரமாக ஒரு எழுத்தர் இணைத்துவிட்டால் தேடலில் பாடல் சிக்காது. அதனால் அடுத்தடுத்து வரும் ஒரே சுரங்களை நீக்கிய இரண்டாவது வரிசையும் சேமிக்கப்படுகிறது. எல்லாக் குரல்களின் தொடக்கத்தையும் பதிவது கட்டாயம். அக்காலத்தில் குரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதுவதில்லை. பல நேரங்களில் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். நான்கில் மூன்று தொலைந்து டெனார் என்ற நடுக்குரலின் புத்தகம் மட்டும் மிஞ்சியிருந்தால், மேல்குரலை மட்டும் பதிந்த பட்டியல் உதவாது.

அடுத்து, சாட்சிகளை எடைபோடுவது. பத்துப் பிரதிகளில் ஜோஸ்கின் பெயர் இருந்தால் பத்து சாட்சி என்று எண்ணக்கூடாது. ஒரே இடத்தில் ஒரே பிழை பத்திலும் இருந்தால், அவை ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை என்றே கொள்ள வேண்டும்; பெயருக்கு அங்கே ஒரு சாட்சிதான். 'அப்சலோன் ஃபிலி மி' தாழ்ந்த சுரங்களில் பாடும் உருக்கமான துயரப்பாடல். லண்டனில் உள்ள பழைய கையெழுத்துப் பிரதியில் அதற்கு ஆசிரியர் பெயரே இல்லை. 1540-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சான தொகுப்பில்தான் ஜோஸ்கின் பெயர் ஏறுகிறது, அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து. அது அவர் காலத்து இன்னோர் இசையமைப்பாளரான பியேர் தெ லா ரூவின் பாடல் என்று கருதுவோர் உண்டு.

காலத்தைக் கண்டுபிடிக்க காகிதம் உதவும். காகிதம் வடிக்கும் கம்பிச் சல்லடையில் தைத்த உருவம் தாளில் நீர்க்குறியாகப் பதிகிறது. சல்லடை தேயத் தேய அந்த உருவம் நெளிந்து இடம் மாறும். ஆகவே உருவம் ஒத்திருந்தால் போதாது. பக்கத்துக் கம்பிக் கோடுகளிலிருந்து அதன் தூரத்தையும் அளக்க வேண்டும். 'ஆவே மரியா' இடம்பெற்ற, மியூனிக் நூலகத்தில் 3154 என்ற எண்ணுள்ள கையெழுத்துப் பிரதியில், அந்தப் பகுதிக்கு முதலில் ஏறத்தாழ 1476 என்று காலம் குறித்தார்கள். மறு ஆய்வு அதை 1480-களின் நடுவுக்குத் தள்ளியது. ஓர் இசையமைப்பாளரின் வளர்ச்சியை வரைபவருக்கு இந்த எட்டொன்பது ஆண்டு சின்ன விஷயமல்ல.

இப்படிக் காலம் நகர்வதால், எழுதிய வரிசையில் எண் கொடுப்பது ஆபத்து. அவர் படைப்புகள் அனைத்தையும் தொகுத்த 'புதிய ஜோஸ்கின் பதிப்பு' வகைப்படி தொகுதி பிரித்து, அதற்குள் எண் தருகிறது: 'ஆவே மரியா' 23.6, அதாவது 23-ஆம் தொகுதியில் ஆறாவது. ஐயத்துக்குரிய பாடலின் எண்ணோடு நட்சத்திரக் குறி சேரும். அதற்காகப் பாடலை நீக்கிவிடுவதில்லை. என் பார்வையில் இதுவே சரியான முறை. 'தா பாச்செம்' என்ற திருப்பலி இசையை ஜோஸ்கினின் உச்சம் என்று 19-ஆம் நூற்றாண்டில் போற்றினார்கள். பிறகு அது நோயெல் போல்தெவைன் என்ற வேறோர் இசையமைப்பாளருடையது என்று தெரிந்தது. அதை ஜோஸ்கின் பாட்டாகக் கேட்டும் படித்தும் வந்தவர்கள் பழைய பெயரில்தான் தேடுவார்கள். அவர்கள் வந்து பார்க்கும்போது பதிவு அங்கேயே இருக்க வேண்டும், உண்மையான ஆசிரியரின் பெயரோடு.