குளோன்: கதியால், பதியன், களஞ்சியத்துச் சாவி

குளோன் என்பதற்குக் கிரேக்கத்தில் சிறு கொப்பு என்று பொருள். கொப்பு வெட்டி நட்டுப் பெருக்கும் பயிர்களைக் குறிக்க, 1903இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹெர்பர்ட் வெபர் இச்சொல்லை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். நிலாவெளி வளவொன்றில் ஒரே கிளுவையிலிருந்து வெட்டி வேலிக்கு நட்ட கதியால்கள் அத்தனையும் குளோன்கள்தான்.

கணினியிலும் இச்சொல் உண்டு. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்ற மென்பொருளில் குளோன் எடுத்தால், இன்றைய கோப்புகளுடன் அவற்றின் முழு மாற்ற வரலாறும் நம் கணினிக்கு வரும். தாய்க் களஞ்சியத்தின் (கோப்புகளும் வரலாறும் சேர்ந்திருக்கும் மூல இடத்தின்) முகவரியும் 'ஒரிஜின்' என்ற பெயரில் கூடவே பதிந்திருக்கும். குளோனைத் தமிழில் 'நகல்', 'நகலி' என்று எழுதினால் இந்தத் தொடர்பு விடுபட்டுப்போகும்; போட்டோக்கொப்பிக்குத் தன் மூலம் எங்கிருக்கிறதென்று தெரியாது. பதியனில் கொப்பு தாய்மரத்தோடு ஒட்டியிருந்தபடியே வேர்விடும். ஆகவே 'பதியன் எடுத்தல்' என்பதே பொருத்தம். ரெப்பாசிட்டரிக்குக் 'களஞ்சியம்' நிலைத்துவிட்டது, நல்ல சொல்.

கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்குச் சிக்கல் தருவது வேறு சொல்: 'பெர்மிஷன்'. அடையாளச் சரிபார்ப்பு என்பது நீங்கள் யார் என்பது. அனுமதி என்பது உங்களுக்கு என்ன உரிமை என்பது. குளோன் எடுக்கும்போது வரும் பிழைச்செய்திகள் இவ்விரண்டையும் மாற்றிப் பேசுகின்றன.

'பெர்மிஷன் டினைட், பப்ளிக் கீ' என்று வந்தால் குறை அனுமதியில் இல்லை, அடையாளத்தில். உங்களை அடையாளம் காட்டும் சாவிச் சோடியில், தளத்துக்குக் கொடுக்கும் பொதுச்சாவி உங்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை, அல்லது உங்களிடமே இருக்கும் தனிச்சாவிக் கோப்பை மற்றவர்களும் படிக்கமுடிவதால், தொலைக் கணினியுடன் பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் அதை ஒதுக்கிவிட்டது. லினக்ஸில் அதன் உரிமையை 600 ஆக்குங்கள், அதாவது நீங்கள் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்படி. கட்டளைக்கு முன் சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போடவேண்டாம்: உங்கள் சாவியை விட்டு, நிர்வாகியான ரூட் பயனரின் சாவியைத் தேடப்போய்விடும். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் சோதிக்க, எஸ்எஸ்எச் கட்டளையைப் பெரிய எழுத்து 'டி' தெரிவுடன், பயனர்பெயர் 'கிட்' என்றே கொடுத்து ஓட்டுங்கள். வரவேற்பில் யாருடைய பெயர் வருகிறதென்று கட்டாயம் பாருங்கள். பொதுக் கணினியில் வேறொருவரின் சாவி இருக்கலாம்.

'ரெப்பாசிட்டரி நொட் பவுண்ட்' என்பதோ, முகவரி சரியாக இருந்தால், பெரும்பாலும் அனுமதிக் குறை. தனியார் களஞ்சியம் இருப்பதையே வெளியாருக்குக் காட்டக்கூடாது என்பதால் 'இல்லை' என்கிறது. களஞ்சியத்தில் சேர வந்த அழைப்பை ஏற்றீர்களா, விண்டோஸின் கிரிடென்சியல் மனேஜரில் பழைய கணக்கு சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக எச்டிடிபிஎஸ் (https என்று தொடங்கும் முகவரி) வழியில் இணைந்தால், கடவுச்சொல்லை கிட்ஹப் 2021 ஓகஸ்ட் 13 முதல் ஏற்பதில்லை. அந்த இடத்தில் கிட்ஹப் கணக்கில் உருவாக்கிய அணுகல் டோக்கனைக் கொடுக்கவேண்டும். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால், வலையமைப்பு, எஸ்எஸ்எச் போகும் வாசலான 22ஆம் போர்ட்டை அடைத்திருக்கலாம். எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறுங்கள், அல்லது கிட்ஹப்பின் தனி எஸ்எஸ்எச் முகவரியை 443ஆம் போர்ட்டில் பயன்படுத்துங்கள்.

வழங்கியின் (நீங்கள் இணையும் தளத்தின் கணினியின்) சாவி மாறிவிட்டது என்ற எச்சரிக்கையை மட்டும் அவசரப்பட்டுத் தள்ளவேண்டாம். கிட்ஹப் 2023 மார்ச் 24 அன்று தன் ஆர்எஸ்ஏ சாவியை மாற்றியது உண்மை. ஆனாலும் திரையில் வரும் கைரேகையை (அந்தச் சாவியை அடையாளம் காட்டும் எழுத்துத்தொடரை) கிட்ஹப் வெளியிட்டிருப்பதுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்பே உங்கள் கணினியில் பதிந்திருக்கும் பழைய சாவியின் வரியை அழியுங்கள்.