ரோட்டாமீட்டரை 20-ல் வைத்தால் வேலை முடிந்துவிடாது

புகைபோக்கியில் தூசு அளந்ததாக மறுபடியும் அதே மாதிரி ஒரு ரிப்போர்ட். புகைபோக்கியில் வாயு வேகம் வினாடிக்கு 12 மீட்டர், வெப்பம் 150 டிகிரி, நாசில் (வாயுவை உள்ளே இழுக்கும் குழாய் முனை) 6 மி.மீ., ரோட்டாமீட்டர் (உறிஞ்சும் ஓட்டத்தைக் காட்டும் கருவி) காட்டியது நிமிடத்துக்கு 20 லிட்டர். தூசு வரம்புக்குள் இருக்கிறதாம். ஈரப்பதக் கட்டம் மட்டும் காலி. ஒரு நாள் பயிற்சி கொடுத்து, சாம்பிள் எடுக்கும் கிட்டைத் தோளில் மாட்டி ஆளை மேலே ஏற்றிவிட்டால் இப்படித்தான் எண்கள் இறங்கி வரும்.

அந்த 20 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 6 மி.மீ. நாசிலின் வாய்ப் பரப்பு 28.3 சதுர மி.மீ. 12 மீட்டர் வேகத்தில் அதன் வழியே நிமிடத்துக்கு 20.4 லிட்டர் போகும். கணக்கு சரி. ஆனால் அது புகைபோக்கிக்குள், 150 டிகிரியில், நீராவியோடு சேர்ந்த கணக்கு. ரோட்டாமீட்டருக்கு வருவதற்குள் வாயு ஐஸ் பெட்டியைத் தாண்டி, தண்ணீரை இம்பிஞ்சரில் (ஐஸில் வைத்த கண்ணாடிக் குடுவை) இறக்கிவிட்டு, 35 டிகிரிக்கு ஆறியிருக்கும். கெல்வினில் 308-ஐ 423-ஆல் வகுங்கள்: 20.4 லிட்டர் 14.8 ஆகச் சுருங்குகிறது. ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் 13.3. ரோட்டாமீட்டரில் வைக்க வேண்டியது இதுதான் (பம்ப் இழுப்பின் அழுத்தத் திருத்தம் தனி). 20 வைத்தால் சமவேகம் (நாசிலுக்குள் நுழையும் வேகம், புகைபோக்கி வாயுவின் வேகத்தில் எத்தனை சதவீதம் என்பது) 150 சதவீதம். ஏற்கத்தக்கது 90 முதல் 110 வரை.

இங்கேதான் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொல்வார்கள்: "கூட இழுத்தா தூசும் கூடத்தானே விழும்? கம்பெனிக்குச் சாதகமா ஒண்ணும் பண்ணலையே!" இல்லை. நேர் எதிர். கூட இழுத்தால் தூசு அளவு குறைந்துதான் தெரியும்.

பெரிய துகளுக்குக் கனம் உண்டு. திரும்பாமல் நேராகப் போகும். நாசில் வாய்க்கு நேர் எதிரே வருவது மட்டும் உள்ளே விழும். மழையில் வைத்த குடத்துக்குள் எத்தனை துளி விழும் என்பதை அதன் வாய்தானே தீர்மானிக்கிறது? நீங்கள் அதிகமாக இழுக்கும்போது பக்கவாட்டிலிருந்து வாயு மட்டும் வளைந்து உள்ளே வருகிறது. கனத்த துகள் வளைய மறுத்து வெளியே போய்விடுகிறது. திம்பிளில் (தூசைப் பிடிக்கும் வடிகட்டிக் குப்பி) சேர்ந்த தூசு அதேதான், வகுக்கும் கன அளவுதான் ஒன்றரை மடங்கு. தூசு முழுக்கப் பெரிய துகள்தான் என்றால் கன மீட்டருக்கு 100 மி.கி. இருக்கும் இடத்தில் 67 என்று காட்டும். குறைவாக இழுத்தாலோ தலைகீழ்: தூசைப் பிடிக்கும் பேக் ஃபில்டரை ஒழுங்காகப் பராமரிக்கும் ஆலைக்கு நோட்டீஸ் போகும். ஒரு மைக்ரானுக்கும் கீழான துகள் வாயுவோடு வளைந்துவிடும். அங்கே பிழை சிறிதுதான். ஆனால் உங்கள் புகைபோக்கியில் எந்த அளவுத் துகள் வருகிறது என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

"நாங்க ஈயமும் காட்மியமும்தான் பார்க்கிறோம், தூசு இல்லை" என்பது அடுத்தது. அவை தூசில் ஏறித்தான் வருகின்றன! டையாக்சினும் ஓரளவு அப்படியே. சல்ஃபர் டையாக்சைடு போன்ற வாயுக்களுக்கு மட்டும்தான் சமவேகக் கவலை இல்லை.

துளை எங்கே போடுவது என்பதைப் பயிற்சி வகுப்பில் எல்லோரும் ஒப்பித்துவிடுகிறார்கள்: வளைவுக்கோ ஃபேனுக்கோ அடுத்து 8 விட்டம், மேல் முனைக்கு முன் 2 விட்டம். அது கிடைத்து, உள்விட்டம் 1 மீட்டர் என்றால், செங்குத்தாக வெட்டும் இரண்டு விட்டங்களில் 12 புள்ளிகள், உள்சுவரிலிருந்து 4.4, 14.6, 29.6, 70.4, 85.4, 95.6 செ.மீ. புரோபில் (நாசிலைத் தாங்கும் நீண்ட குழாய்) புள்ளிகளைக் குறிக்க டேப் ஒட்டும்போது போர்ட் நிப்பிளின் (துளையிலிருந்து வெளியே நீட்டிய குட்டைக் குழாய்) நீளத்தைக் கூட்ட மறக்காதீர்கள். நிப்பிள் 15 செ.மீ. என்றால், மறந்தவரின் முதல் இரண்டு "புள்ளி"களும் நிப்பிளுக்குள்ளேயே நின்றுவிடும்.

கசிவுச் சோதனை முன்னால் மட்டும் போதாது, முடிந்த பிறகும் கட்டாயம். நிமிடத்துக்கு 0.57 லிட்டர் அல்லது சராசரி ஓட்டத்தில் 4 சதவீதம், எது குறைவோ அதற்கு மேல் கசிந்தால் அன்றைய சாம்பிளைத் தூக்கிப் போடுங்கள். மனசு வராதுதான். இதையும் சொல்லிவிடுகிறேன்: நாசிலிலும் வளைவிலும் ஒட்டிய தூசு உங்கள் தூசுதான், அசிட்டோன் ஊற்றி பிரஷ் போட்டுக் கழுவி எடையில் சேருங்கள். துணியால் துடைத்து எறியாதீர்கள்.

பாதரசத்தைப் பிடித்த பர்மாங்கனேட் கரைசலின் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறும். இம்பிஞ்சரைப் பின்னால் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதே பாட்டிலில் ஊற்றினால் குளோரின் கிளம்பும். டையாக்சின் ரயிலின் (சாம்பிள் வாயு வரிசையாகக் கடந்து போகும் கருவித் தொடர்) இணைப்புகளில் கிரீஸ் கூடவே கூடாது; டையாக்சினைப் பிடிக்கும் ரெசின் 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊர் மே மாத மத்தியானத்தில் ஒரு பெட்டி ஐஸ் எத்தனை நேரம் தாங்கும் என்பதை ஏறுவதற்கு முன்பே யோசியுங்கள்.

அபாயகரமான கழிவு எரியூட்டிகளுக்கு 2008 விதிப்படி தூசு வரம்பு கன மீட்டருக்கு 50 மி.கி.; 11 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திய பிறகுதான் அந்த 50. அளந்தது 30 மி.கி., ஆக்சிஜன் 16 சதவீதம் என்றால் காற்றின் 21 சதவீதத்திலிருந்து இரண்டையும் கழித்து (21−11 = 10, 21−16 = 5), 10-ஐ 5-ஆல் வகுத்துப் பெருக்குங்கள்: 60. முப்பது என்று எழுதி மகிழ்ந்த ரிப்போர்ட் வரம்பைத் தாண்டிவிட்டது. ஆக்சிஜனைச் சாம்பிள் எடுக்கும் அதே நேரத்தில் அளக்காவிட்டால் இது யாருக்கும் தெரியாமலே போகும்.

தயவுசெய்து கிட்டை முதுகில் கட்டிக்கொண்டு மங்கி லேடரில் ஏறாதீர்கள், கயிற்றில் தூக்குங்கள். பெல்ட்டுக்கு இரண்டு கொக்கி. ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுங்கள். போர்ட் மூடியைத் திறக்கும்போது அதற்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். உள்ளே வெளியைவிட அழுத்தம் கூட இருந்தால் 150 டிகிரி வாயுதான் முதலில் வெளியே வரும்.