கட்புலனாக்கம்

விஷுவலைசேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘காட்சிப்படுத்தல்’ என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கொழும்பில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. வெள்ளவத்தையில் அரிசி மூட்டைக்குள் செருகிய மட்டையில் ‘கீரிச் சம்பா’ என்றும் விலையும் எழுதியிருக்குமே, அதுதான் இங்கே காட்சிப்படுத்தல். செய்யாவிட்டால் நுகர்வோர் அதிகார சபை வழக்குப் போடும். இருப்பதை எல்லாரும் பார்க்க வைப்பது, அவ்வளவுதான்.

விஷுவலைசேஷன் அதுவல்ல. இலத்தீனில் காண்பதற்கு ‘விதேரே’ என்பார்கள். அந்த வேரில் வந்த சொல், ஆங்கிலத்தில் முதலில் மனக்கண்ணால் காண்பதையே குறித்தது. உருவமில்லாததற்கு உருவம் கொடுக்கும் வேலை.

பங்குச் சந்தைக்கு இது நன்றாகவே பொருந்தும். தரகர்கள் கூவி விற்ற காலத்தில் சந்தை கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. கொழும்பில் 1997இல் வர்த்தகம் கணினித் திரைக்குப் போனதோடு எஞ்சியது எண்கள். நியூயோர்க்கில் 1990களின் இறுதியில் ஹானி ரஷீத், லிஸ் ஆன் குத்யூர் என்ற கட்டடக் கலைஞர்கள் பங்குச் சந்தைக் கூடத்தையே முப்பரிமாணத்தில் திரையில் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கும், விற்கும் கட்டளைகள் எப்படி ஓடுகின்றன, கணினிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அதைப் பார்த்தே கண்காணிக்க முடிந்தது.

அதனால் நான் ‘கட்புலனாக்கம்’ பக்கம். கண், புலன் இரண்டும் சேர்ந்த சொல். புலனாவது என்றால் தெரிவது மட்டுமல்ல, விளங்குவதும்தான். கட்புலக் கலை என்று நாம் ஏற்கெனவே சொல்வதால் காதுக்கும் உறுத்தாது.

இனி ‘முப்பரிமாணம்’. அதிலுள்ள ‘பரிமாணம்’ வடசொல், அளத்தலைக் குறிக்கும் ‘மா’ என்ற வேரிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் ஊறிய சொல், அதை மாற்ற நான் மினக்கெடவில்லை.

ஆனால் மூன்றாவது பரிமாணத்தை எல்லா இடத்திலும் போடக்கூடாது. விலை, நேரம், பங்குகளின் எண்ணிக்கை மூன்றையும் அச்சுகளாக வைத்தால் ஒரு மலைத்தொடர் கிடைக்கும். பார்க்க அழகு. ஆனால் காலையில் எழுந்த மேடு மத்தியானப் பள்ளத்தை மறைத்துவிடும். படத்தைச் சுழற்றிப் பார்த்தால்தான் பின்னால் இருப்பது தெரியும். கண்காணிக்கிறவருக்கு அந்தப் பள்ளம்தானே முக்கியம்? இரண்டு தட்டைப் படங்களை அருகருகே வைத்தால் வேலை முடிந்தது.

கொழும்புக் கோட்டையில் பங்குத் தரகர் அலுவலகமொன்றில் வேலை செய்யும் தம்பியிடம் ‘முப்பரிமாணக் கட்புலனாக்கம்’ என்று எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தான். “நல்லாயிருக்கு அண்ணை. நாங்கள் த்ரீ டி சார்ட் எண்டுதான் சொல்லுவம்.”