மேக்னட் பட்டன் சட்டை தானா திறந்துக்குமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாங்க: அப்பாவுக்கு பார்கின்சன், சட்டைக்கு பட்டன் போட முடியல, பட்டனுக்கு பதிலா மேக்னட் வச்ச சட்டை வாங்கலாம்னு பாக்குறேன், மூச்சை இழுத்து விட்டா பட்டுனு திறந்துக்காதா, காந்தம் உடம்புக்கு நல்லதுன்னு வேற சொல்றாங்களே அது நெஜமா? ரெண்டாவது கேள்விக்கு பதில் சின்னதுதான், ஆனா எழுத ஆரம்பிச்சா எனக்கு கோவம் வரும், அதனால அது கடைசில.

பார்கின்சன்ல கை நடுங்குறதாலதான் பட்டன் போட முடியலைன்னு நாம நினைக்கிறோம். அந்த நடுக்கம் வினாடிக்கு 4ல இருந்து 6 தடவை வரும், ஆனா கை சும்மா மடில கிடக்கும்போதுதான் அது ஜாஸ்தி, வேலை செய்ய எடுத்தா பெரும்பாலும் கொஞ்சம் அடங்கிடும். இங்க நெஜமா படுத்துறது விரலோட அசைவு மெதுவாகி, சுருங்கிப் போறதுதான். பட்டனை விளிம்புல பிடிச்சு சாய்க்கணும், இன்னொரு கையால காஜாவை விரிச்சு வைக்கணும், பாதி நுழைஞ்சதும் கை மாத்தி அந்தப் பக்கத்துல இருந்து இழுக்கணும், இத்தனையும் கழுத்துக்கிட்ட கண்ணால பாக்காமலே. பக்கவாதம் வந்து ஒரு கைதான் வேலை செய்யுதுன்னா கேக்கவே வேணாம்.

அமெரிக்காவுல மௌரா ஹார்ட்டன்னு ஒருத்தங்க, அவங்க கணவர் காலேஜ் ஃபுட்பால் கோச்சா இருந்தவர், அவருக்கு பார்கின்சன் இருந்துச்சு. மேட்ச் முடிஞ்சு லாக்கர் ரூம்ல பட்டன் போட முடியாம அவர் நின்னப்போ டீம்ல இருந்த பையன் ஒருத்தன் போட்டுவிட்டிருக்கான். அதுக்கப்புறம் அந்தம்மா ஆரம்பிச்சதுதான் மேக்னாரெடி சட்டை. பாக்க சாதா சட்டை மாதிரியே இருக்கும், வெளிய தெரியுற பட்டன் சும்மா ஷோவுக்கு, காஜா மேலயே வச்சு தைச்சிருப்பாங்க. பட்டன் பட்டியோட ரெண்டு பக்கத்துலயும் துணிக்குள்ள தட்டையா குட்டி குட்டி நியோடிமியம் காந்தம் (சின்ன சைஸ்லயே ரொம்ப பலமான ரகம்) ஒளிஞ்சிருக்கும்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். கையில குட்டியா தட்டையா ரெண்டு காந்தம் இருந்தா எடுத்துக்கோங்க. ஒட்டவிட்டு நேரா பிரிச்சுப் பாருங்க, நகமே பேந்துரும் போல இருக்கும். அதே ஜோடியை பக்கவாட்டுல தள்ளுங்க, வழுக்கிக்கிட்டு வந்துரும். ஒரு ஓரத்துல நகத்தை விட்டு நெம்பினாலும் ஈஸியா வரும். நேரா பிரிக்கும்போது மொத்த ஈர்ப்பையும் ஒரே நேரத்துல ஜெயிக்கணும், பக்கவாட்டுல தள்ளும்போது எதிர்க்கிறது முக்கியமா உராய்வுதான், கூடவே காந்தம் திரும்ப நடுவுக்கு வரப்பாக்குற சின்ன இழுப்பு, அவ்ளோதான். ஆக ஒரு காந்தத்தைக் காட்டி இது எவ்ளோ பலம்னு கேட்டா, எந்தப் பக்கம் இழுக்குறீங்கன்னுதான் நான் திருப்பிக் கேப்பேன்.

இதை எதுக்கு இவ்ளோ இழுக்குறேன்னா, சட்டை போட்டுக்கிட்டு கையை விரிச்சாலோ, மூச்சை நல்லா இழுத்தாலோ, உக்காந்து வயிறு முன்னால வந்தாலோ, பட்டன் பட்டி எந்தத் திசைல இழுபடும்? துணியோட தளத்துலயே, இடமும் வலமுமா. அதாவது காந்தம் எந்தத் திசைல சோப்ளாங்கியோ கரெக்டா அதே திசைல! நீங்க கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். வெல்க்ரோ இதுக்கு நேர் எதிர். ஸ்விஸ் இன்ஜினியர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941ல நாய் ரோமத்துல ஒட்டின முள்ளுக்காயைப் பாத்து கண்டுபிடிச்ச அந்த கொக்கி, பக்கவாட்டு இழுப்புக்கு அசராது, ஓரத்துல இருந்து உரிச்சா மட்டும்தான் வரும். ஆனா சர்ருனு சத்தம் போடும், துவைக்கும்போது நூல் எல்லாம் சிக்கும், ஆபீஸ் சட்டைக்கு யாரும் விரும்புறதில்ல.

அதனால விவரம் தெரிஞ்ச டிசைனர் காந்தத்தைப் பெருசாக்க மாட்டாங்க, ஏன்னா பெருசாக்கினா கழட்டவும் பலம் ஜாஸ்தி வேணும், அந்தக் கைக்கு அது ஆகாது. சட்டையைக் கொஞ்சம் லூசா வெட்டுவாங்க. இல்லைன்னா காந்தத்தோட உறைல ஒன்னுல பள்ளம், இன்னொன்னுல மேடு வச்சு வழுக்காம பூட்டுவாங்க. ஜெர்மனில ஃபிட்லாக்குன்னு ஒரு கம்பெனி பண்ற பக்கிள்ல காந்தம் இடத்தைக் கண்டுபிடிச்சு சேத்து வைக்கிறதோட சரி, பாரம் தாங்குறது உள்ள இருக்குற கொக்கி. பேன்ட் இடுப்புல வெறும் காந்தத்தை நம்பி வச்சிருந்தா வாங்காதீங்க.

இன்னொரு அழகு, காந்த விசை தூரத்தோட எப்படிக் கொறையுதுங்கிறது. காந்தத்தோட சைஸை விட ரொம்ப தள்ளிப் போயிட்டா, தூரம் ரெண்டு மடங்கு ஆனா விசை 16ல ஒரு பங்கு ஆயிரும். அதனாலதான் கிட்ட வர்ற வரைக்கும் சும்மா இருந்துட்டு டக்குனு தானே போய் ஒட்டுது, விரல் சரியா குறி பாக்கத் தேவையே இல்ல. ஆனா தடிமனான துணி நடுவுல வந்தா பிடிப்பு சட்டுனு போயிரும், மெல்லிசு காட்டனுக்கு டெஸ்ட் பண்ண காந்தத்தை அப்படியே கம்பளி கோட்டுல தைச்சா வேலைக்கு ஆகாது. பிராண்டுகாரங்க துணி மாத்தினா திரும்ப டெஸ்ட் பண்ணனும், அதுவும் அந்தக் கை உள்ளவங்களை சம்பளம் கொடுத்து உக்கார வச்சு.

இப்ப முக்கியமான விஷயம். பேஸ்மேக்கர் பக்கத்துல காந்தம் வந்தா அது இதயம் எப்படித் துடிக்குதுன்னு பாக்குறதை விட்டுட்டு ஒரே கணக்குல துடிப்பு கொடுக்க ஆரம்பிச்சுடலாம், ஷாக் கொடுத்து காப்பாத்துற ஐசிடின்னா ஷாக் கொடுக்குறதையே நிறுத்தி வச்சுடலாம். ஐபோன் 12ல இருந்த காந்தமே ஐசிடியை இப்படி நிறுத்துச்சுன்னு 2021ல டாக்டர்கள் எழுதினாங்க, 15 செ.மீ. தள்ளி வைக்கணும்னு ஆப்பிளே சொல்லுது. சட்டை பட்டனோ நெஞ்சு மேலயே இருக்கு. பார்கின்சனுக்கு மூளைல மின்தூண்டல் சிகிச்சை எடுத்தவங்களுக்கு அதோட பேட்டரியும் பொதுவா காலர் எலும்புக்குக் கீழதான், பழைய மாடல் சிலதை காந்தத்தை வச்சே ஆன் ஆஃப் பண்ணலாம். அதாவது யாருக்காக இந்தச் சட்டையோ அவங்கள்ல சில பேர் இதைப் போடவே கூடாது! இதை உள்பக்க லேபிள்ல எறும்பு சைஸ் எழுத்துல போடுறது அநியாயம். உங்க அப்பாவுக்கு உடம்புக்குள்ள எந்தக் கருவி இருந்தாலும் முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க.

இனி அந்த ரெண்டாவது கேள்வி. ரத்தத்துல இரும்பு இருக்கு, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும்னு சொல்லி வளையல், இன்சோல், மெத்தைன்னு விக்கிறாங்க. ஹீமோகுளோபின்ல இருக்குற இரும்பு ஆணில இருக்குற இரும்பு மாதிரி இழுபடாது. ஆக்சிஜன் ஏறின ரத்தத்தை காந்தம் ரொம்ப லேசா தள்ளத்தான் செய்யும். எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினோட காந்தப் புலமே 1.5, 3 டெஸ்லா (காந்தப் புலத்தை அளக்குற அலகு), அதுக்குள்ள படுத்தவங்க ரத்தம் ஒரு பக்கமா போய் ஒட்டிக்கிச்சா என்ன? இந்த டுபாக்கூருக்கு காசு கொட்டுது. சக்கர நாற்காலில உக்காந்தே இருக்குறவங்களுக்கு பேன்ட் முன்னால மடிஞ்சு குத்தாம, பின்னால இறங்காம எப்படி வெட்டணும், எந்தத் தையல் தோலை அழுத்திப் புண்ணாக்கும்னு ஆராய்ச்சி பண்ண காசு கேட்டா, மார்க்கெட் சின்னதுங்குறாங்க. உலகத்துல 130 கோடி பேருக்கு பெரிய அளவுல ஏதோ ஒரு இயலாமை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, இதுவா சின்ன மார்க்கெட்?

வாங்குறதா இருந்தா ஒரு சைஸ் லூசா வாங்குங்க. துவைக்கும்போது காந்தத்தை எல்லாம் ஒட்டவிட்டே போடுங்க, இல்லாட்டி கண்டதுல போய் ஒட்டும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி தாண்டினாலே சக்தியை இழக்க ஆரம்பிக்கும், காட்டனுக்கு வைக்கிற அயர்ன்பாக்ஸ் சூடு 200 பக்கம் போகும், அதனால பட்டன் பட்டி மேல அயர்ன் பண்ணாதீங்க. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா தையல் விட்டிருக்கான்னு அடிக்கடி பாருங்க, ரெண்டு காந்தத்தை முழுங்கிட்டா நடுவுல குடல் மாட்டி ஓட்டையே விழுந்துரும்.