10 கோடி டாலரை வேண்டாம் என்பதன் பின்னுள்ள கணக்கு

2019 மார்ச்சில் அமெரிக்க ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் டியான்டே வைல்டர் ஒரு பெரிய ஒப்பந்தத்தை மறுத்தார். ஒளிபரப்பு நிறுவனமான டசோன் நீட்டிய அந்தத் தொகை, பல சண்டைகளுக்கும் சேர்த்து 10 கோடி டாலரைத் தொடும் என்று அப்போது செய்திகள் வந்தன. இன்னொரு உலகச் சாம்பியனான ஆந்தனி ஜோஷ்வாவுடன் மோதுவதும் அதில் அடக்கம் (குத்துச்சண்டையில் பல அமைப்புகள் தனித்தனியாக உலகப் பட்டம் தருகின்றன). மறுத்த கையோடு மே 18 அன்று டொமினிக் பிரேசீலை முதல் ரவுண்டிலேயே சாய்த்துவிட்டார் வைல்டர். சரியாக இரண்டே வாரம் கழித்து, ஜூன் 1 இரவு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோஷ்வா நான்கு முறை தரையில் விழுந்து ஆண்டி ரூயிஸிடம் பட்டங்களைப் பறிகொடுத்தார். இதில் ரூயிஸ் மாற்று ஆள். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய வேறொருவருக்குப் பதிலாக, ஒரு மாத அவகாசத்தில் அழைக்கப்பட்டவர்.

ரசிகர்கள் வழக்கம்போல "பயந்துட்டான்", "பேராசை" என்று இரண்டே சொற்களில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆனால் இப்படிப்பட்ட முடிவுகளுக்குள் ஒரு நிகழ்தகவுக் கணக்கு இருக்கிறது. அது புரிய வேண்டுமென்றால் முதலில் ஒரு குத்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

1985இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் அந்நாட்டு ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவை, கருவிகள் பொருத்திய ஓர் இலக்கைக் குத்தச் சொல்லி அளந்தார்கள். கை புறப்பட்ட 0.1 விநாடிக்குள் சுமார் அரை மீட்டர் கடந்து, விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கைத் தொட்டது. உச்ச விசை 4,096 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமம். தொட்ட 14 மில்லிவிநாடிக்குள் அந்த உச்சம் வந்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது விசையை விட நேரத்தைத்தான். கண் ஒன்றைப் பார்த்து உடல் அசைய ஏறத்தாழ 0.2 விநாடி பிடிக்கும். குத்தோ அதில் பாதி நேரத்தில் வந்து சேர்கிறது. எனவே எவ்வளவு தேர்ந்த வீரரும் குத்தைப் பார்த்த பிறகு விலகுவதில்லை. எதிராளியின் தோள், கால், தாளம் ஆகியவற்றை வைத்து முன்கூட்டியே ஊகிக்கிறார். ஊகம் என்றால் சில முறை தவறும். தாடையில் பக்கவாட்டில் விழும் குத்து தலையைச் சட்டென்று சுழற்றுகிறது, உள்ளே மூளை பின்தங்குகிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன, நினைவு தப்புகிறது. மற்ற எடைப் பிரிவுகளுக்கு மேல்வரம்பு உண்டு. ஹெவிவெயிட்டுக்கு இல்லை. அதனால்தான் ஒரே ஒரு தவறான ஊகம் இங்கே மொத்த ஆட்டத்தையும் முடித்துவிடுகிறது. 'சுலபமான எதிராளி' என்று இந்தப் பிரிவில் யாரையும் முழு நம்பிக்கையோடு சொல்ல முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். பெரிய மோதலைத் தள்ளிப்போட்டால் எதிர்பார்ப்பு கூடும், தொகையும் ஏறும் என்பது சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. காத்திருக்கும் வீரர் இடையில் மூன்று சண்டைகள் போடுகிறார், ஒவ்வொன்றிலும் வெல்லும் வாய்ப்பு 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் வெல்லும் வாய்ப்பு 0.95 × 0.95 × 0.95, அதாவது சுமார் 86 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் எதிர்முனையில் இருப்பவரும் அதே காலத்தில் மூன்று சண்டை போடுகிறார். இருவருமே தோற்காமல் வந்து சேரும் வாய்ப்பு சுமார் 73.5 சதவீதம்தான். அப்படியானால், கடைசியில் கிடைக்கும் தொகை இன்றைய தொகையை விட 36 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் காத்திருந்ததில் லாபமில்லை. (இடைச் சண்டைகளுக்கும் சம்பளம் உண்டு, அதைக் கழித்தால் இந்த வரம்பு கொஞ்சம் இறங்கும்.)

என் பார்வையில், முகாம்கள் தங்கள் வீரர் தோற்கும் வாய்ப்பை ஓரளவு எடைபோடுகின்றன, எதிராளி வேறு யாரிடமாவது தோற்றுவிடுவார் என்பதைத்தான் மறந்துவிடுகின்றன. வைல்டர் விஷயத்தில் நடந்தது அதுதான். அதற்காக அவர் எடுத்தது முட்டாள்தனமான முடிவு என்றும் சொல்லிவிட முடியாது. 2020 பிப்ரவரியில் பிரிட்டன் வீரர் டைசன் ஃபியூரியிடம் அவர் தோற்றதை வைத்து 2019இன் முடிவை அளப்பது, தாயம் விழுந்த பிறகு காய் நகர்த்தியவனைக் குறை சொல்வது மாதிரி.

இந்த ஆபத்துக்குக் குத்துச்சண்டை கண்டுபிடித்த காப்பீடுதான் மறுமோதல் ஷரத்து. தோற்றால் அதே ஆளுடன் இன்னொரு முறை மோதும் உரிமை. ஜோஷ்வா அதைப் பயன்படுத்தித்தான் 2019 டிசம்பரில் சவூதி அரேபியாவில் ரூயிஸிடமிருந்து பட்டங்களை மீட்டார். ஆனால் அந்தக் காப்பீட்டின் செலவு சில நேரம் மூன்றாம் நபர் தலையில் விழும். 2021 ஆகஸ்டில் ஃபியூரியும் ஜோஷ்வாவும் மோதுவதாக இருந்தது. ஃபியூரியுடன் வைல்டருக்கு மூன்றாவது சண்டை பாக்கி இருக்கிறது என்று மத்தியஸ்தர் தீர்ப்பளிக்க, மொத்தத் திட்டமும் கலைந்தது.

காத்திருந்தே கோட்டை விட்டவர்களில் ரிடிக் போ முக்கியமானவர். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் லெனாக்ஸ் லூயிஸிடம் தோற்ற இவர், 1992இல் தொழில்முறை உலகச் சாம்பியன் ஆனார். லூயிஸுடன் மோதுவதற்குப் பதில் லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் தன் சாம்பியன் பெல்ட்டுகளில் ஒன்றைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அடுத்த ஆண்டு நவம்பரில் மீதிப் பட்டங்களை அமெரிக்க வீரர் இவாண்டர் ஹோலிஃபீல்ட் பறித்துக்கொண்டார். போவும் லூயிஸும் தொழில்முறையில் கடைசிவரை மோதவே இல்லை.

லூயிஸோ வேறு விதமாகக் கணக்குப் போட்டார். 2003 ஜூனில் அவருடன் மோதிய உக்ரைன் வீரர் விட்டாலி கிளிட்ஷ்கோவின் கண்ணருகே ஆழமான வெட்டு, மருத்துவர் ஆறு ரவுண்டோடு நிறுத்தினார், லூயிஸ் வென்றார். ஆனால் அதுவரை மூன்று நடுவர்களின் புள்ளித் தாளிலும் 58-56 என்று முன்னிலையில் இருந்தவர் விட்டாலி. மறுமோதலுக்குப் பெரும் பணம் காத்திருந்தது. லூயிஸுக்கு வயது 38 நெருங்கிக்கொண்டிருந்தது. இளம் வீரர் தோற்றால் இழப்பது எதிர்காலப் பேரம்பேசும் பலம், அதை மீட்க அவருக்கு ஆண்டுகள் இருக்கின்றன. 38இல் அந்த ஆண்டுகள் இல்லை. மீதமிருப்பது தலையில் சேர்ந்துகொண்டே போகும் அடிகளின் பாதிப்பு மட்டும். எந்த ஒப்பந்தத்திலும் அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதப்படுவதில்லை. 2004 பிப்ரவரியில் சாம்பியனாகவே ஓய்வை அறிவித்தார். தன்னைத் தோற்கடித்த இருவரையும் மறுமோதலில் வீழ்த்தியவர் அவர். மறுமோதல் கேட்டு நின்ற விட்டாலிக்கு அது கிடைக்கவில்லை.